வந்து சேராத திட்டுகள்

என் மனைவி ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, கிளினிக்கில், டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவே போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனாள். வயது அறுபத்தெட்டு. நோயாளி ஒரு தையல்காரர். தோள்பட்டை வலி என்று வந்திருந்தார். எத்தனை நாளாக வலிக்கிறது என்று டாக்டர் தன்னுடைய மொழியில் கேட்டார். அவள் அதைத் தமிழில் சொல்லவில்லை. சரியான வார்த்தையைத் தேடுகிறாள் என்று நினைத்து இரண்டு பேரும் மரியாதையாகக் காத்திருந்தார்கள். அவள் வார்த்தை தேடி யாரும் பார்த்ததில்லை என்பது டாக்டருக்குச் சற்றுப் பிறகுதான் உறைத்தது.

தையல்காரருக்குத் தோள்வலி இன்னும் இருக்கிறது. அன்றைக்கு அதைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

அவளை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படித்தான். எங்கள் ஊரில் இரண்டு மொழி. எங்களைப் போலக் கொஞ்சம் பேருக்குத் தமிழ், மற்றவர்களுக்கு வேறு ஒன்று. அதை நாங்கள் ஊர்மொழி என்போம். டீச்சருடைய அப்பா தமிழ், அம்மா ஊர்மொழி. அதனால் அவளுக்கு இரண்டும் தாய்ப்பாலோடு வந்தது. முப்பத்து மூன்று வருடம் ஆரம்பப் பள்ளியில் இரண்டையும் சொல்லிக் கொடுத்தாள். ஓய்வு பெற்ற பிறகு புதன்கிழமை நூலகத்தில் உட்கார்ந்து, படிவம் நிரப்பத் தெரியாதவர்களுக்கு நிரப்பிக் கொடுத்தாள். சனிக்கிழமை கிளினிக்கில் டாக்டருக்கும் நோயாளிகளுக்கும் இடையே பேசினாள். இரண்டுமே சம்பளமில்லாத வேலை. ஓய்வு என்பது பள்ளிக்கூடத்து ஆட்கள் அவளுக்குக் கொடுத்த வழியனுப்புப் பத்திரத்தில் மட்டும்தான் இருந்தது. அதிலும் இரண்டு பிழை இருந்ததால், சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். அவளை முதன்முதலில் பார்த்ததும் லிஃப்டில்தான். சரியாகச் சொன்னால், பார்ப்பதற்கு முன்னால் கேட்டேன். கல்வி அலுவலகத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு மொழியில் திட்டு வந்தது. இரண்டு பேர் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போட்டுக் கதவைத் திறந்தேன். ஒருத்திதான் இருந்தாள்.

எனக்கு ஊர்மொழியில் நாற்பது வார்த்தை தெரியும். பயப்படாதீர்கள், எத்தனை பேர், கதவைத் தொடாதீர்கள், யாராவது கர்ப்பிணி உண்டா, இந்த மாதிரி. லிஃப்டுக்கு வெளியே அவற்றைப் பயன்படுத்தச் சந்தர்ப்பம் குறைவு. முப்பத்தொன்பது வருடமாக மற்ற எல்லாப் பேச்சையும் டீச்சர் பார்த்துக்கொண்டாள். பாங்கிலும் கடையிலும் மாமியார் வீட்டிலும் நான் தமிழில் சொல்வேன், அவள் ஊர்மொழியில் சொல்வாள். அவர்கள் ஊர்மொழியில் சொல்வார்கள், அவள் எனக்குத் தமிழில் சொல்வாள். எல்லாரும் என்னிடம் மிகவும் நல்லபடியாக நடந்துகொண்டார்கள். நம்முடைய நடத்தை அப்படி என்று நான் நினைத்திருந்தேன்.

சேதி கேட்டு மறுநாள் மகள் வந்து சேர்ந்தாள். அவள் வெளியூரில் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். சத்தியப்பிரமாணம் செய்துகொண்டுதான் அந்த வேலையில் சேர முடியும். சாட்சி "ம்" என்றால் "ம்" என்றுதான் சொல்ல வேண்டும். அதை "ஆமாம்" என்று சொல்லிவிட்டால் வக்கீல் எழுந்து நின்றுவிடுவார். அம்மாவுக்கும் மகளுக்கும் முகம் ஒன்றுதான். மற்றபடி, அம்மா மொழிபெயர்ப்பதை நின்று கேட்க அவளுக்குப் பிடிக்காது. அறையை விட்டுப் போய்விடுவாள். தொழில் போட்டி என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காவது நாள் கீழ்வீட்டுக்காரர் துக்கம் கேட்க வந்தார். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு ஒரு கிளாரினெட் வாங்கித் தானாகவே கற்றுக்கொண்டவர். தமிழ் ஒரு சொல் தெரியாது. கோட்டு போட்டுக்கொண்டு, பூங்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். கண் கலங்கியிருந்தது.

மகள் தமிழில் சொன்னாள்: "பதினாலு வருஷமா என் வாசிப்பை மனசார ரசிச்ச ஒரே மனுஷர் நீங்கதான். டீச்சர் வந்து சொல்லும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு தெம்பா இருக்கும்."

"என்ன சொன்னாரு?" என்றேன்.

"இதான்பா சொன்னாரு."

நான் பதினான்கு வருடத்துக்கு முன்னால் டீச்சரிடம் சொல்லி அனுப்பியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அந்த ஆளு ராத்திரியில ஊதறதை நிறுத்தலைன்னா, நானே கீழ போயி அந்தக் குழாயைப் பிடுங்கி ஜன்னல் வழியா எறிஞ்சிடுவேன்னு சொல்லு." டீச்சர் போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தாள். "சொல்லியாச்சு. இனிமே சாயங்காலம் அஞ்சரையிலேர்ந்து ஆறரை வரைக்கும்தானாம்." என் மிரட்டல் வேலை செய்தது என்று நான் ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

கீழ்வீட்டுக்காரர் மேலும் சொன்னார். மகள் ஒன்றும் விடாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். "‘என் வீட்டுக்காரர் சீக்கிரம் தூங்கிடறதால உங்க வாசிப்பை முழுசாக் கேக்க முடியலைன்னு வருத்தப்படறாரு, சாயங்காலம் வாசிச்சீங்கன்னா உக்காந்து கேப்பாரு’ன்னு டீச்சர் வந்து சொன்னாங்க. அன்னியிலேர்ந்து ஒரு நாள் தவறினதில்ல. உங்களுக்கு நல்லாக் கேக்கணும்னு, குளிர்லகூட ஜன்னலைத் திறந்து வெச்சிட்டுத்தான் வாசிக்கிறேன்."

அந்த ஜன்னல் விஷயம் எனக்கு நெடுநாளாகப் புரியாமல் இருந்தது.

"அப்பா, நீங்க என்ன சொல்றீங்க? அவர் காத்துட்டிருக்காரு" என்றாள் மகள்.

நான் அந்த மனிதரைப் பார்த்தேன். பூங்கொத்தைச் சுற்றியிருந்த காகிதத்தை ஓரம் ஓரமாகக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நன்றின்னு சொல்லு."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

மகள் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். அவர் எழுந்து என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். போகும்போது மணி ஐந்து இருபது.

அவர் போன பிறகு நான் கதவைச் சாத்திவிட்டு மகளிடம் கேட்டேன். "உனக்கு இது தெரியுமா?"

"எது?"

"உங்கம்மா மாத்திச் சொல்றது."

"அஞ்சு வயசுலேயே தெரியும். எனக்குத்தான் ரெண்டு காதுலயும் கேக்குமே."

"ஏன் சொல்லல?"

"அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டேன். ‘மனுஷங்க பேசற பேச்சுல முக்கால்வாசி யாருக்கும் ஒண்ணும் ஆகாத பேச்சு. ஆகிற பேச்சை மட்டும் கொண்டுபோயிச் சேர்த்தாப் போதும்’னாங்க. எனக்கு அது புடிக்கல. அதான் கோர்ட்டு வேலைக்குப் போனேன்."

அவள் காபி போட உள்ளே போனாள். நான் பின்னாலேயே போனேன். கேட்கக் கூடாது என்று தெரியும். ஆனாலும் கேட்டேன்.

"உங்க பாட்டி என்னைப் பத்தி என்ன சொன்னாங்க? உழைப்பாளின்னு சொன்னதா உங்கம்மா சொல்லுவா."

"கேட்டே ஆகணுமா?"

"சொல்லு."

"‘லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் ஊர்ல இருக்கறவங்க எல்லாரையும் மேல அனுப்பிட்டு, அவன் மட்டும் கடைசி வரைக்கும் கீழயே நிப்பான்’னு சொன்னாங்க."

இருபது வருடம் அந்த மாமியாருக்கு நான் நல்ல நாளுக்கெல்லாம் சால்வை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவர் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். "‘நீ நல்லவன்’னு சொல்றாங்க" என்று டீச்சர் சொன்னாள். நான் அங்கேயே அழுதேன்.

"அதுவும் பொய்யா?" என்றேன்.

"இல்லப்பா. அதை நிஜமாவே சொன்னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்." பாலை அடுப்பிலிருந்து இறக்கினாள். கொஞ்சம் பொறுத்து, "‘ஓரளவுக்கு’ன்னு முன்னாடி ஒரு வார்த்தை இருந்துச்சு" என்றாள். நீதிமன்றப் பழக்கம்.

நினைவுக் கூட்டம் அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக் கூடத்தில் நடந்தது. நூலகர்தான் ஏற்பாடு. நூற்றிருபது நாற்காலி போட்டிருந்தார்கள், போதவில்லை. யாரும் சொல்லாமலே தமிழ்க்காரர்கள் இடது பக்கமும் ஊர்மொழிக்காரர்கள் வலது பக்கமும் உட்கார்ந்துகொண்டார்கள். நடுவில் ஒரு பாதை. பாதையின் முனையில் மகள் மைக்கோடு நின்றாள். இடது பக்கத்தில் யார் பேசினாலும் வலது பக்கத்துக்குச் சொல்ல வேண்டும், வலது பக்கத்தில் பேசினால் இடது பக்கத்துக்கு. "நான் கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். சம்மதம்னா நிக்கிறேன்" என்று நூலகரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று நூலகர் சம்மதித்துவிட்டார்.

முதலில் பேசியவர் டீச்சரோடு வேலை பார்த்த பழைய தலைமை ஆசிரியர். எண்பத்திரண்டு வயது. ஊர்மொழிக்காரர். டீச்சரின் ஒழுங்கு, நேரம் தவறாமை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தன்னுடைய ஒழுங்கைப் பற்றியும் கொஞ்சம் சொன்னார்.

மகள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்: "நான் மனசுல பட்டதைப் பட்டுனு சொல்றவன். பெத்தவங்களைக் கூப்பிட்டு முகத்துக்கு நேரா சொல்லுவேன். டீச்சர் அதை அப்படியே தமிழ்ல சொல்லுவாங்க. ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு தடவை ஒரு அம்மாவைக் கூப்பிட்டு, ‘உங்க பொண்ணுக்கு மூளையே கிடையாது, அவ பெஞ்சுக்குத் தண்டம், கூட்டிட்டுப் போயி ஏதாவது கைவேலை கத்துக்குடுங்க’ன்னு சொன்னேன். டீச்சர் சொன்னாங்க. அந்தம்மா எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்லிட்டுப் போனாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து அந்தப் பொண்ணு வகுப்புல முதல். பட்டுனு சொன்னாத்தான் உறைக்கும்."

வலது பக்கத்தில் சிலர் தலையாட்டினார்கள். இடது பக்கத்தில் நடுவரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள். டீச்சரின் பழைய மாணவி. நாற்பது வயதிருக்கும்.

"அந்தப் பொண்ணு நான்தான்" என்றாள்.

மகள் அதை ஊர்மொழியில் சொன்னாள்.

"டீச்சர் எங்கம்மாகிட்ட சொன்னது வேற. நானும் அங்கதான் நின்னேன், அப்ப எனக்கு ஊர்மொழி புரியாது. ‘உங்க பொண்ணுக்குக் கண்ணு சரியாத் தெரியல போல இருக்கு, சீக்கிரம் கண்ணாடி போடச் சொல்றாரு, அவளை முன் பெஞ்சுல உக்கார வெக்கிறதாவும் சொல்றாரு’ன்னாங்க. அடுத்த வாரமே கண்ணாடி போட்டாச்சு. அப்பதான் எனக்குப் போர்டுல எழுத்து இருக்கறதே தெரிஞ்சுது. ஹெட்மாஸ்டர் ஐயா புண்ணியம்னு எங்கம்மா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாங்க. நான் இன்னிக்கு ஐயாவுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன்."

மகள் அதையும் சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை.

தலைமை ஆசிரியர் மைக்கை இன்னும் கீழே வைக்கவில்லை. "நான் சொல்லாததை என் வாயில வெச்சிருக்காங்க" என்றார்.

"ஆமாங்கய்யா" என்றாள் கண்ணாடிக்கடைக்காரி. "நீங்க சொன்னதை வெச்சிருந்தா நான் இந்நேரம் எங்க இருந்திருப்பேன்னு யோசிச்சுப் பாக்கறேன்." அவளுக்கு இப்போது இரண்டு மொழியும் வரும். இதை அவள் ஊர்மொழியிலேயே சொன்னாள். என் பக்கத்திலிருந்தவர் எனக்குச் சொன்னார்.

அதற்குள் டாக்டர் எழுந்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் வாய் பொல்லாதது. அவர் முகத்தில் ரத்தமில்லை. ஒன்பது வருடச் சனிக்கிழமைகள் அவர் கண் முன்னால் ஓடியிருக்க வேண்டும்.

"அப்படின்னா நான் எழுதிக் குடுத்த மருந்தெல்லாம்?" என்றார். "என்கிட்ட வர்றவங்க எல்லாரும் எந்திரிங்க. இப்பவே."

இடது பக்கத்தில் இருபது இருபத்தைந்து பேர் எழுந்தார்கள். டாக்டர் நடுப்பாதையில் இறங்கி ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார். என்ன மாத்திரை, எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா, எந்த ஊசியை எத்தனை நாள் இடைவெளி விட்டுப் போட வேண்டும். மகள் மைக்கை இங்கும் அங்கும் நீட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். டீச்சருடைய படத்துக்கு முன்னால் அரை மணி நேரம் வைத்தியம் நடந்தது. இடையில் ஒரு அம்மா, வந்ததுதான் வந்தோம் என்று கால் வீக்கத்தைக் காட்டி மருந்து எழுதி வாங்கிக்கொண்டார்.

ஒன்றுகூடத் தப்பில்லை. பாதி மாத்திரை என்றால் பாதி மாத்திரை. வெறும் வயிற்றில் என்றால் வெறும் வயிற்றில்.

டாக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு, மருந்துக்கடை வாசலில் சோடா விற்கும் பெரியவரைப் பார்த்தார். "உங்ககிட்ட, ‘சிகரெட்டை விடலைன்னா உங்க நுரையீரலை எடுத்துக் கண்ணாடிப் பாட்டில்ல போட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குக் காட்டறதுக்குக் குடுத்துடுவேன்’னு சொன்னேனே, அது வந்து சேர்ந்துச்சா?"

"இல்லீங்களே" என்றார் சோடாக்காரர். "‘டாக்டருக்கு உங்க மேல ரொம்ப அக்கறை, நீங்க சிகரெட்டை விட்டா சந்தோஷப்படுவாரு’ன்னு சொன்னாங்க."

"விட்டீங்களா?"

"குறைச்சிருக்கேங்க. உங்க சந்தோஷத்துக்காக."

டாக்டர் அடுத்தடுத்துக் கேட்டார். உப்பைப் பற்றி ஒருவரைத் திட்டியது. காலைக் கழுவிப் பார்க்காத சர்க்கரை நோயாளியைத் திட்டியது. ஏழாவது பிள்ளைக்குத் தயாரான ஒரு தகப்பனைத் திட்டியது. ஒன்றும் வந்து சேரவில்லை. மருந்தில் ஒரு எழுத்து மாறவில்லை, திட்டில் ஒரு எழுத்து வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உள்ளே ஏதோ இடறியது. எங்கள் வீட்டுச் சனிக்கிழமைகளைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும்.

ஒன்பது வருடமாகச் சனிக்கிழமை மத்தியானம் டீச்சர் வீட்டுக்குள் நுழைந்ததும் பையை மேசை மேல் வைப்பாள். உட்கார மாட்டாள். நின்றபடியே என்னைத் திட்ட ஆரம்பிப்பாள். "சிகரெட்டை விடப் போறீங்களா இல்லையா? நுரையீரலை எடுத்துப் பாட்டில்ல போட வேண்டியதுதான்" என்பாள். நான் சிகரெட் பிடிப்பதில்லை. "காலைக் கழுவிப் பாத்து எத்தனை மாசம் ஆச்சு? விரல் அழுகி விழுந்தாத்தான் தெரியுமா?" என்பாள். எனக்குச் சர்க்கரை இல்லை. ஒரு சனிக்கிழமை, "ஆறு பத்தாதா? இந்த லட்சணத்துல உங்களுக்கு ஏழாவது கேக்குதா?" என்றாள். எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. எங்களுக்கு ஒரே மகள். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் இருப்பது சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று கேள்விப்பட்டிருந்ததால் நான் எதிர்த்துப் பேசுவதில்லை. "சரி டீச்சர்" என்பேன். பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, சாப்பிடலாமா என்பாள்.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நான் இரண்டு பக்கத்துக்கு எழுதி வைத்திருந்தேன். டீச்சரின் பிறந்த வருடம், படித்த பள்ளி, வாங்கிய நற்சான்றிதழ் எல்லாம் அதில் இருந்தன. அதைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு மைக்குக்கு முன்னால் போய் நின்றேன்.

"டாக்டர் திட்டினதெல்லாம் எங்க போச்சுன்னு கேக்கறாரு" என்றேன். "எங்கயும் போகல. எல்லாம் பத்திரமா எங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு."

பிறகு சனிக்கிழமைகளைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன். பாட்டில், கால் விரல், ஏழாவது பிள்ளை எல்லாவற்றையும். இடது பக்கம் முதலில் சிரித்தது. மகள் சொல்லி முடித்ததும் வலது பக்கம் சிரித்தது. ஏழாவது பிள்ளையின் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார்.

"ஹெட்மாஸ்டர் ஐயா சொன்னதும் வந்துச்சு" என்றேன். "முப்பது வருஷம் இருக்கும். ஒரு நாள் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்தவ, ‘உங்களுக்கு மூளையே கிடையாது, நீங்க பெஞ்சுக்குத் தண்டம்’னா. எங்க வீட்டுல பெஞ்சே கிடையாது. நான் ரொம்ப நாள் யோசிச்சேன்."

மகள் அதையும் சொன்னாள். இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒன்றாகச் சிரித்தது, ஏனென்றால் தமிழ்ப் பக்கம் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. தலைமை ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவ ஊர்ல யாரையும் நோகடிக்கல. அதுக்காக அந்த வார்த்தையெல்லாம் இல்லாமப் போயிடுமா? எங்கயாவது கொண்டுபோயிக் கொட்டித்தானே ஆகணும். என்கிட்ட கொட்டினா. என்னைப் பத்தினது இல்லைன்னு எனக்குத் தெரியாது. ஆனா, தெரிஞ்சிருந்தாலும் நான் ‘சரி டீச்சர்’னுதான் சொல்லியிருப்பேன்."

அதற்கு மேல் எனக்கு வரவில்லை. மகள் ஊர்மொழியில் சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அவளுக்கும் வரவில்லை. நீதிமன்றத்தில் இப்படி ஆனால் விசாரணையைத் தள்ளி வைப்பார்கள். இங்கே கண்ணாடிக்கடைக்காரி எழுந்து வந்து மைக்கை வாங்கி மீதியைச் சொல்லி முடித்தாள்.

கீழ்வீட்டுக்காரரைப் பற்றியும் சொல்லலாம் என்று நான் நினைத்துக்கொண்டுதான் மைக்குக்குப் போயிருந்தேன். நல்ல கதை, கூடம் ரசித்திருக்கும். அவர் வலது பக்கம் இரண்டாவது வரிசையில், அதே கோட்டில், முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லவில்லை. பதினான்கு வருடம் கேட்டாகிவிட்டது, இனிமேல் என்ன.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது தலைமை ஆசிரியர் என்னிடம் வந்தார். மகள் மூலமாகக் கேட்டார். "நான் சொன்னது வேற ஏதாவது வந்துச்சா?"

"நிறைய வந்துச்சுங்கய்யா."

அவர் டீயைக் கீழே வைத்தார். "எல்லாத்துக்கும் சேர்த்து உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார். எண்பத்திரண்டு வயது மனிதர் அப்படிச் சொன்னது எனக்குச் சங்கடமாக இருந்தது. பரவாயில்லை என்று சொல்லச் சொன்னேன். மகள் "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னாள். மறு வாரம் அவர் கண்ணாடிக்கடைக்குக் கண் பரிசோதனைக்குப் போனாராம். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. நடுவில் யாரும் இல்லை.

மகள் வெள்ளிக்கிழமை ஊருக்குக் கிளம்பினாள். போவதற்கு முன்னால் டீச்சரின் புடவைகளை மடித்து வைத்தாள், சிவப்புப் பேனாக்களை ஒரு டப்பாவில் போட்டாள். பதினேழு இருந்தன. பஸ் ஏறும்போது, "என்கூட வந்துடுங்களேன்" என்றாள். பார்க்கலாம் என்றேன். இரண்டு பேருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு நான் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். காரணம் ஒன்றும் இல்லை. நான்கு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை எதையும் விடச் சொல்லவில்லை.

கிளினிக்கில் டீச்சருடைய இடத்துக்குக் கண்ணாடிக்கடைக்காரி தானாகவே முன்வந்தாள். சனிக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொன்னாளாம். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: இனிமேல் திட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் வாரம் இரண்டு பேர் அழுதார்கள். ஒருவர் பாதியில் எழுந்து போய்விட்டார். சோடாக்காரருக்கு நுரையீரல் விஷயம் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. அவர் சிகரெட்டை விட்டுவிட்டார், டாக்டரோடு பேசுவதையும் விட்டுவிட்டார். மாத்திரைச் சீட்டை மட்டும் ஆள் விட்டு வாங்கிக்கொள்கிறார். டீச்சர் முறை நல்லதா இந்த முறை நல்லதா என்று ஊரில் இப்போதும் பேச்சு நடக்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து டாக்டர் கொஞ்சம் பார்த்துப் பேசுவதாகச் சொல்கிறார்கள். தன் வார்த்தை போய்ச் சேர்கிறது என்று தெரிந்ததும் மனிதருக்கு ஒரு நிதானம் வந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து எனக்குக் காலையில் எழுந்தால் தலை சுற்ற ஆரம்பித்தது. அந்தச் சனிக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். டாக்டர் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். மறுபடியும் அடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் நூற்றெழுபத்தைந்து என்றார். என்ன சாப்பிடுகிறேன், நடக்கிறேனா, போன வருடம் எழுதிக் கொடுத்த மாத்திரை எங்கே என்று கேட்டார். கண்ணாடிக்கடைக்காரி கேட்டுச் சொன்னாள். கடைச் சாப்பாடு, இல்லை, டீச்சர்தான் எடுத்து வைப்பாள், எங்கே வைத்திருக்கிறாள் என்று தெரியவில்லை என்று மூன்றுக்கும் பதில் சொன்னேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். குரல் ஏறிக்கொண்டே போனது. வெளியில் காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கண்ணாடிக்கடைக்காரி தொண்டையைச் செருமிக்கொண்டாள். "‘மாத்திரை டப்பா எங்க இருக்குன்னு தெரியாம ரெண்டு மாசம் இருந்திருக்கீங்க. லிஃப்டை மட்டும் மாசா மாசம் பாத்து எண்ணெய் போடத் தெரிஞ்சுதா? பொண்ணு வெளியூர்ல இருக்கா, நீங்க வீட்டுல விழுந்து கெடந்தா மூணு நாள் கழிச்சுத்தான் தெரியும்’னு சொல்றாரு சார்." நிறுத்தினாள்.

"இன்னும் பேசினாரே?" என்றேன்.

"ஆமா சார். மீதி கொஞ்சம் கடுமையா இருக்கு."

"பரவாயில்லம்மா. ஒண்ணும் விடாம சொல்லு."

அவள் சொன்னாள். மூன்று நான்கு நிமிடம் ஆனது. நான் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டுக்கொண்டேன். எல்லாமே என்னைப் பற்றியதாகத்தான் இருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, காலையில் ஒன்று, வெறும் வயிற்றில் என்றார். அடுத்த சனிக்கிழமையும் வரச் சொன்னார். வருகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன்.